திண்டுக்கல் சமவெளியில் அலைபேசி நிறுவன இணைப்புகள்: ஏர்செல் வீழ்ச்சியை முன்வைத்து (1999–2024)

ஆய்வுச் சுருக்கம்

அலைபேசி நிறுவனங்கள் ஒன்றிணைந்தால் போட்டி குறையும், வாடிக்கையாளர் பாதிக்கப்படுவர் என்பது பொதுவான கருத்து. தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்தின் உட்பகுதியாகிய திண்டுக்கல்லை நிலைக்களனாகக் கொண்டு நோக்கினால், நிறைவேறிய இணைப்புகளைக் காட்டிலும் நிறைவேறாத ஓர் இணைப்பே வாடிக்கையாளரை உடனடியாகத் தாக்கியது என்பது புலனாகும். நிறைவேறிய இணைப்புகளின் விளைவு பின்னரே, கட்டண வடிவில் வெளிப்பட்டது. இவ்விரு விளைவுகளையும் ஒழுங்குமுறைச் சட்டம் எவ்வாறு அளந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அலைபேசி, நிறுவன இணைப்பு, ஏர்செல், தமிழ்நாட்டு வட்டம், எண் மாற்று வசதி, திண்டுக்கல்.

வட்டமும் ஊரும்

மதுரையிலிருந்து பிரிந்து 1985 செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. தொலைத்தொடர்பு உரிமங்களின் வரைபடமோ மாவட்ட எல்லைகளை அறியாது. 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையை ஒட்டி, நாடு வட்டங்களாகப் பகுக்கப்பட்டு வட்டத்திற்கு இரு தனியார் நிறுவனங்கள் என்ற முறை வந்தது. சென்னை தனி வட்டமாகவும், திண்டுக்கல் உள்ளிட்ட ஏனைய பகுதி தமிழ்நாட்டு வட்டமாகவும் அமைந்தன. பின்னதில் இயங்கியவை பிபிஎல் மொபைலும், 1999இல் ஏர்செல் என்ற பெயரில் சேவையைத் தொடங்கிய நிறுவனமும் ஆகும்.

வட்ட எல்லை வெறும் நிருவாகக் கோடு அன்று. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் பெரும் கொள்முதலாளர் கேரளத்தவர். சந்தைக்கு மேற்கே சில மணிநேரப் பயணத்தில் இருக்கும் அவர்கள் வேறொரு தொலைத்தொடர்பு வட்டத்தினர். அவர்களோடு பேசுவது தொலைதூர அழைப்பு. பிபிஎல் நிறுவனம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உரிமம் பெற்றிருந்தது. ஏர்செல் அக்காலத்தில் கேரளத்தில் இல்லை. போட்டியாளர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை வட்டம் முழுமைக்கும் ஒன்றே. ஆயினும் சந்தை வணிகருக்குக் கிட்டிய தெரிவும், திண்டுக்கல் நகரின் பூட்டுத் தொழிலாளிக்குக் கிட்டிய தெரிவும் ஒன்றாக இருந்திருக்க இயலாது. இணைப்புகளைப் பற்றிய ஆய்வுகள் வட்டத்தையே அலகாகக் கொள்வதால் இவ்வேறுபாடு அவற்றில் பெரும்பாலும் தென்படுவதில்லை.

நான்காவது உரிமம் 2001இல் பார்தி நிறுவனத்திற்குக் கிடைத்தது. 2002 அக்டோபரில் பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல் அலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 2003 மே முதல் அழைப்பவரே செலுத்தும் முறை நடைமுறைக்கு வரவே, உள்வரும் அழைப்புக்குப் பணம் தரும் வழக்கம் ஒழிந்தது. 2006 மார்ச் மாதத்தில் பிஎஸ்என்எல் அறிமுகப்படுத்திய ‘ஒன் இந்தியா’ திட்டம், நாட்டின் எப்பகுதிக்கும் நிமிடத்திற்கு ஒரு ரூபாய் என்றாக்கியது. ஒட்டன்சத்திரம் வணிகருக்கு வட்ட எல்லையின் சுமையைக் குறைத்தவை இணைப்புகள் அல்ல. புதிதாக நுழைந்த போட்டியும் ஒழுங்குமுறை ஆணையமுமே.

பெயர் மாறிய அட்டை

தொடக்க கால இணைப்புகள் வாடிக்கையாளரைத் துன்புறுத்தவில்லை என்றே கூறலாம். 2003இல் சென்னையின் ஆர்பிஜி செல்லுலாரை ஏர்செல் வாங்கியது; திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குப் பேசும் அழைப்பு ஒரே நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குள் அமைய வழி பிறந்தது. மும்பை நீங்கலான பிபிஎல் வட்டங்கள் 2006இல் ஹட்ச் வசமாயின. ஹட்ச் 2007இல் வோடஃபோன் ஆயிற்று. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31 அன்று இணைந்தன. 2020 செப்டம்பரில் ‘வி’ என்ற பெயர் வந்தது. தொடக்கத்தில் பிபிஎல் எண் பெற்ற ஒருவர், எண்ணை மாற்றாமலே நான்கு பெயர்களைக் கடந்து வந்திருக்க முடியும். கடைப்பலகையில் தீட்டிய எண்ணை அவர் அழிக்க வேண்டியதில்லை.

நிறைவேறாத இணைப்பு

ஏர்செல் எண் வைத்திருந்தோர்க்கு இது வாய்க்கவில்லை. 2006இல் அந்நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கு மலேசியாவின் மேக்சிஸ் வசமாயிற்று. தமிழ்நாட்டில் முன்னணியில் இருந்த அது நாடு முழுவதும் பரவ முனைந்து கடனில் ஆழ்ந்தது. 2010இல் தன் கோபுரங்களில் ஏறத்தாழ 17,500ஐ 8,400 கோடி ரூபாய்க்கு ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனத்திற்கு விற்றது. அதுமுதல் தன் அலைவரிசை பரவுவதற்கே அது வாடகை செலுத்தும் நிலை. கையில் ரொக்கம் கிடைத்தது. நெருக்கடிக் காலத்தில் கோபுரத்தை நிறுத்தும் அதிகாரம் பிறரிடம் சென்றது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. ஒன்பது நாள் கழித்து, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸின் அலைபேசிப் பிரிவும் ஏர்செல்லும் சரிபாதிப் பங்குடன் இணையும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. சட்ட, ஒழுங்குமுறைத் தடைகள் காட்டப்பட்டு 2017 அக்டோபர் 1 அன்று அது கைவிடப்பட்டது. 2018 சனவரி இறுதியில் ஆறு வட்டங்களில் ஏர்செல் சேவையை நிறுத்தியது. பிப்ரவரியில் கோபுர நிறுவனத்துடன் எழுந்த நிலுவைத் தகராற்றால் தமிழ்நாடு முழுவதும் அலைவரிசை அற்றுப்போனது. அதே மாத இறுதியில் நிறுவனம் நொடிப்புநிலை கோரித் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு வாடிக்கையாளர் சில நாள்களுக்குள் வேறு நிறுவனம் தேட நேர்ந்தது. திண்டுக்கல்லும் இதற்கு விலக்கன்று.

இவ்விடத்தில் எண் மாற்று வசதியின் ஓர் அடிப்படைக் குறை வெளிப்பட்டது. 2011 சனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறையிலிருந்த இவ்வசதியைப் பெற, வாடிக்கையாளர் தம் அலைபேசியிலிருந்து 1900 என்ற எண்ணிற்குக் குறுஞ்செய்தி அனுப்பி மாற்றுக் குறியீட்டைப் பெற வேண்டும். நிறுவனம் உயிரோடு இருக்கும்; வாடிக்கையாளர் விரும்பி விலகுவார் என்ற அனுமானத்தில் வகுக்கப்பட்ட விதி இது. அலைவரிசையே இல்லாதபோது விலகுவதற்கான செய்தியை எங்ஙனம் அனுப்புவது? ஆணையம் தனி ஏற்பாடுகளைச் செய்து 2018 ஏப்ரல் 15 வரை காலம் தர நேர்ந்தது. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல், ஆதார், எரிவாயுப் பதிவு ஆகியவை எண்ணோடு பிணைந்திருந்த காலம் அது. எண்ணை இழப்பது பேச்சை மட்டும் இழப்பதன்று.

சட்டம் அளந்தது

2008ஆம் ஆண்டின் இணைப்பு நெறிமுறைகள், இணைந்த நிறுவனத்தின் சந்தைப் பங்கு வட்டத்தில் 40 சதவீதத்தை மிகக்கூடாது, நால்வரேனும் எஞ்ச வேண்டும் என்றன. 2014 பிப்ரவரி நெறிமுறைகள் வரம்பை 50 சதவீதமாக உயர்த்தின. 2011 சூன் முதல் இந்தியப் போட்டி ஆணையமும் இணைப்புகளை ஆராயும் அதிகாரம் பெற்றது. இவையனைத்தும் இணைவோரின் பங்கையே நோக்கின. இணைய முயன்று தோற்றவரின் வாடிக்கையாளர் என்னாவார் என்பது அவற்றின் பார்வைக்குள் வரவில்லை.

2016 மே மாதத்தில் ஐரோப்பிய ஆணையம் பிரித்தானியாவின் ஓ2, த்ரீ இணைப்பைத் தடுத்தது. நால்வர் மூவராவது கட்டணத்தை உயர்த்தும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. இந்தியாவில் இத்தகைய தடை எழவில்லை. ஏர்டெல் 2018இல் டெலினாரையும் 2019இல் டாட்டாவின் அலைபேசிப் பிரிவையும் ஏற்றது. தமிழ்நாட்டில் எஞ்சியோர் நால்வர்: ஏர்டெல், ஜியோ, வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல். 2002 இறுதியிலும் அலைபேசி உரிமம் பெற்று இயங்கியோர் நால்வரே. எண்ணிக்கையளவில் நெறிமுறை மீறப்படவில்லை. ஆனால் 2019இல் அந்நால்வருள் ஒருவர் உச்ச நீதிமன்றத்தின் அக்டோபர் 24ஆம் நாள் தீர்ப்பால் பெரும் நிலுவைச் சுமைக்கு ஆளானார். மற்றொருவர் நான்காம் தலைமுறைச் சேவையைப் பரவலாகத் தர இயலாதிருந்தார். நால்வர் என்ற எண்ணை மட்டும் கொண்டு போட்டியை மதிப்பிடுவது இதனாலேயே பிழையாகும்.

கட்டணத்தின் காலம்

2019 டிசம்பர் தொடக்கத்தில் தனியார் மூவரும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தினர். 2021 நவம்பரிலும் 2024 சூலையிலும் அதுவே நிகழ்ந்தது. ஏர்டெல்லின் குறைந்தபட்ச முன்கட்டணம் 2021 சூலைக்கு முன் 49 ரூபாய். பின் 79, 99, 155 என ஏறி 2024 சூலையில் 199 ஆயிற்று. மலிவான 49 ரூபாய்த் திட்டத்தை நம்பியிருந்தவர் இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்துவோர் அல்லர். அழைப்பை ஏற்பதற்காகவே அலைபேசி வைத்திருந்த நிலக்கோட்டைப் பூப்பறிப்பவரும் சிறுமலை வாழைத் தோட்டத் தொழிலாளியும் அத்தகையோர். தாம் வேண்டாத இணையத் தரவுக்கும் சேர்த்து அவர்கள் பணம் தர வேண்டியதாயிற்று. குரல், குறுஞ்செய்திக்கு மட்டுமான திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதித்தது.

2024 சூலையில் பிஎஸ்என்எல் கட்டணத்தை உயர்த்தவில்லை. அம்மாதத்தில் மட்டும் நாடளவில் அதற்கு ஏறத்தாழ 29 லட்சம் வாடிக்கையாளர் கூடினர்; தனியார் மூவரும் வாடிக்கையாளரை இழந்தனர். இணைப்பு அலையில் எவரோடும் சேராமல் நின்ற பொதுத்துறை நிறுவனத்தையே மக்கள் மாற்றாகக் கண்டனர். அதன் உள்நாட்டுத் தொழில்நுட்ப நான்காம் தலைமுறைச் சேவை நாடளவில் தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று.