அழுத்தத்தை அளக்காமல் பிறந்த ஓம் விதி

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பள்ளி மாணவர் அரை நிமிடத்தில் போட்டுவிடும் கணக்கு இது. இதில் மின்தடை விடையாக வருகிறது. வரலாற்றிலோ அதுவே முந்தியது. மின்னழுத்தம்தான் கடைசியாக அளவைக்குள் அகப்பட்டது. ஓமும் ஜூலும் மின்னழுத்தத்தை அளக்காமலேயே தத்தம் விதிகளைக் கண்டனர். அது எப்படி இயன்றது என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

பூட்டுத் தொழிலாளியின் மகனான கேயோர்க் சைமன் ஓம், 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் ஓர்ஸ்டெட் காட்டியபின், ஊசியின் விலக்கத்தைக் கொண்டு ஓட்டத்தை அளக்க முடிந்தது. கம்பி நீள நீள ஓட்டம் எப்படிக் குறைகிறது என்று 1825இல் ஓம் வோல்டா அடுக்கைக் கொண்டு பார்த்தார். அடுக்கின் விசையோ இணைத்த சற்று நேரத்திலேயே தளர்ந்துவிடும். அதோடு மல்லுக்கட்டி அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் மடக்கை வடிவில் இருந்தது, தவறானது. சீபெக் 1821இல் கண்ட வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்றார் ஆய்விதழ் ஆசிரியர் போகென்டார்ஃப்.

எல்லாம் அந்த யோசனையில்தான் திரும்பியது. பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரு முனைகளில் ஒன்றைக் கொதிநீரின் வெப்பநிலையிலும் மற்றதை உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையிலும் வைத்தால், வேறுபாடு நிலையாக நிற்கும். மின்னியக்கு விசையும் நிலையாக நிற்கும். அளக்க வழியில்லாத ஒன்றை, மாறாமல் நிறுத்திவைக்க ஓம் வழி கண்டுவிட்டார். ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார்: 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். (2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களோடு இரண்டைக் கூட்டினால், முதல் எண் நீங்கலாக, இந்த வரிசை வரும், கணித ஆசிரியரின் கைவண்ணம்.) ஒவ்வொன்றையும் இணைத்து, விலகிய ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர அது தொங்கிய இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்று குறித்தார். 1826இல் சூத்திரம் கிடைத்தது: ஒரு மாறிலியை, கம்பியின் நீளமும் இன்னொரு மாறிலியும் சேர்ந்த தொகையால் வகுத்தால் ஓட்டம். வெப்பநிலை வேறுபாட்டை மாற்றியபோது மேலுள்ள மாறிலி மட்டுமே மாறியது. அது மின்னியக்கு விசை. கீழுள்ளது சுற்றின் எஞ்சிய பகுதியின் தடை.

1827இல் பெர்லினில் வெளிவந்த அவரது நூலுக்கு ஜெர்மனியில் வரவேற்பு குறைவு. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் அளித்தது. புறக்கணிக்கப்பட்ட மேதை என்ற கதையை விரும்புவோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஓம் சொன்ன ‘மின்விசை’ நிலைமின்னியலின் எந்த அளவைக் குறித்தது என்பது நூலில் சரியாகப் பொருந்தவில்லை. அது மின்னழுத்தமே என்று 1849இல் கிர்க்காஃப் நிறுவினார்.

மின்திறனின் பாதை வேறு. சால்ஃபோர்டின் மதுவடிப்பாலை முதலாளி மகன் ஜேம்ஸ் ஜூல், சுருள்கம்பியை நீர் நிறைந்த ஜாடியில் அமிழ்த்தி, வெப்பமானியும் கால்வனோமீட்டரும் கொண்டு சோதித்தார். வெளிப்படும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் நேர்விகிதத்தில் உள்ளது என்று 1840 டிசம்பரில் அறிவித்தார். இங்கும் மின்னழுத்தம் இல்லை. ஓமையும் ஜூலையும் ஒரே கணக்கில் இணைத்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் தாம்சன். மின்னியக்கு விசையை ஓட்டத்தால் பெருக்கினால் நொடிக்கு இவ்வளவு வேலை என்று 1851இல் அவர் ஆற்றல் அலகுகளிலேயே கணக்கிட்டார்.

தடையே முந்தியது என்பதை அலகுகளின் வரிசையும் உறுதிப்படுத்துகிறது. கடலடித் தந்திக் கம்பியில் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க, மைலுக்கு இவ்வளவு தடை என்ற கணக்கு வேண்டியிருந்தது. தடையைச் சுருளாகச் சுற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பவும் முடியும். 1860இல் வெர்னர் சீமென்ஸ் ஒரு மீட்டர் பாதரசத் தம்பத்தை அலகாக முன்வைத்தார். பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் குழு 1865இல் பிளாட்டின–வெள்ளிச் சுருள்களை வெளியிட்டது. (அவற்றின் தடை குறித்த அளவைவிட ஒரு விழுக்காட்டுக்கும் சற்று மிகுதியாகக் குறைந்திருந்தது என்று பின்னர் இயற்பியலாளர் ராலே காட்டினார்.) ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றும் 1881 பாரிஸ் மாநாட்டில் ஏற்கப்பட்டன, வாட் 1882இல் முன்மொழியப்பட்டு 1889இல்தான் ஏற்பு பெற்றது.

வாட் அலகு பிறந்த அதே 1882இல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்தார். 100 வாட் விளக்கை 10 வோல்ட்டில் எரித்தால் 10 ஆம்பியர் வேண்டும். 100 வோல்ட்டில் 1 ஆம்பியர் போதும், ஆனால் விளக்கின் தடை 1 ஓமிலிருந்து 100 ஓமாக உயர வேண்டும். ஓட்டம் பத்தில் ஒன்றானால் அதே கம்பியில் வீணாகும் வெப்பம் நூறில் ஒன்று; மெல்லிய செம்புக் கம்பியே போதும். தடை மிகுந்த மெல்லிய கரியிழையை எடிசன் தேடியதற்குச் செம்பின் விலையே காரணம். ஓம், ஜூல் விதிகள் இரண்டும் ஒன்றாக வணிகத்துக்கு உழைத்த தருணம் அது.

நேரடியாக வோல்ட் காட்டும் கையடக்கக் கருவிகள் 1880களில் பரவின. சுருள் வகை வோல்ட்மீட்டர் என்பது பெருந்தடையோடு தொடரிணைத்த ஓட்டமானியே. அதன் அளவுகோலிலேயே ஓம் விதி பொதிந்திருக்கிறது. அதை வைத்து ஆய்வகத்தில் ஓம் விதியைச் ‘சரிபார்ப்பது’ உண்மையில் வட்டவாதம். கேவண்டிஷ் ஆய்வகத்தில் 1876இல் கிறிஸ்டல் நடத்திய சோதனையில் இந்தக் குறை இல்லை. மேக்ஸ்வெல் வகுத்த முறைப்படி அவர் வலுவான ஓட்டத்தையும் நலிந்த ஓட்டத்தையும் ஒரே கம்பிகளில் விரைவாக மாற்றி மாற்றிச் செலுத்தி, தடைகளையே ஒப்பிட்டார். ஓம் விதியிலிருந்து கண்டறியத்தக்க விலகல் எதுவும் தென்படவில்லை.