களி, சோறு, இரத்த வகை

சேலம், நாமக்கல் சமவெளி பெரும்பாலும் மழையை நம்பிய மேட்டாங்காடு. கம்பங்கூழும் சோளச்சோறும் கேழ்வரகுக் களியுமே இங்கு அன்றாட உணவாக இருந்தன; நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியச் சவ்வரிசி வரத்து நின்றதும், 1943இல் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கினர். ஆத்தூர், ராசிபுரம் பக்கங்களில் ஆலைகள் பெருகின. 1981இல் சவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. சவ்வரிசியில் பெரும்பங்கு வடமாநிலங்களுக்கு விரத உணவாகப் போனது. உள்ளூர்த் தட்டை மாற்றியது ரேஷன் அரிசிதான். தீட்டிய அரிசி இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். நைசாக அரைத்த கேழ்வரகு மாவும் அளவு மீறினால் அதையே செய்யும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பழைய உணவுப் பழக்கங்களோடு ஒப்பிட்டால், இரத்த வகைக்கேற்ற உணவு என்ற கருத்து மிகப் பிந்தியது. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901இல் இரத்த வகைகளைக் கண்டறிந்தார். அவற்றுக்கேற்ப உண்ணச் சொல்லும் பீட்டர் டி'அடாமோவின் நூல் 1996இல் வந்தது. டொராண்டோ ஆய்வாளர்கள் 1,455 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வுணவு முறைகள் சிலவற்றால் கிடைத்த பலனுக்கும் இரத்த வகைக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, இரத்தச் சர்க்கரையைக் கவனிக்க வேண்டிய நீரிழிவுக்காரரின் தட்டில் கணக்கிட வேண்டியவை மாவுச்சத்தின் அளவும் நார்ச்சத்தும் பருப்பு, கீரையின் பங்குமே.