கன்னத்தினுள் புகுந்த காற்று

காதோரம் கன்னம் வீங்கினால் கூகைக்கட்டு என்று கூறிவிடுவது நமது வழக்கம். ஆனால் வெறுங்காற்றினாலும் கன்னம் வீங்கலாம். அதன் வரலாறு சுவையானது.

1660 ஆம் ஆண்டில், அம்ஸ்ரர்டாம் நகரில் நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டென்மார்க் மாணவர் ஓர் ஆட்டுத் தலையை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் செலுத்திய மெல்லிய சலாகை, எவரும் அறிந்திராத குழாயொன்றினுள் நுழைந்து பல்லில் முட்டியது. காதின் முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்கு வரும் பாதை அதுவே. அதைக் கண்டுபிடித்தவர் தாமே என்று அவரின் ஆசிரியர் பிளாசியஸ் உரிமை கோரினார். எனினும் மாணவரின் பெயரே அக்குழாய்க்கு நிலைத்தது.

மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் அதன் வாசல் உள்ளது. உமிழ்நீர் வெளியே வரும். வாய்க்காற்று உள்ளே செல்லாதவாறு குறுகிய வாசலும் கன்னத் தசையும் காவல் புரிகின்றன. கண்ணாடி ஊதும் தொழிலாளரிடத்தும் ஊதுகருவிக் கலைஞரிடத்தும் அக்காவல் சில வேளைகளில் தோற்றதுண்டு.

1980 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் புதியதொரு காற்று பிறந்தது. உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சுத் தடைப்படுவோருக்குக் கழுத்தில் துளையிடுவதே அக்காலத்தில் உறுதியான சிகிச்சையாக இருந்தது. வைத்தியர் கொலின் சலிவன், தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தி, மூக்கின் வழியே இடையறாது காற்றைச் செலுத்தினார். தொண்டை அடைபடவில்லை. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை அவரும் குழுவினரும் 1981 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியிட்டனர். சீபாப் எனப்படும் இச்சிகிச்சை இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

ஆயினும் அக்காற்று வாயினுள் தேங்கி அழுத்தம் மிகுந்தால், ஸ்டென்சன் கண்ட குழாயினுள் எதிர்த்திசையில் புகக்கூடும். இது அரிதாகவே நிகழ்வது. காலையில் கன்னம் வீங்கியிருக்கும், அழுத்தினால் நொறுநொறுக்கும், நுரைத்த உமிழ்நீர் வாயில் வரும். மீண்டும் மீண்டும் நேர்ந்தால் சுரப்பியில் கிருமி தொற்றவும் இடமுண்டு.

அச்சத்தில் இயந்திரத்தை மூலையில் வைத்துவிடுவதே பெரும் ஆபத்து. மூச்சுத் தடை மீண்டும் வரும். அதனுடன் பகல் தூக்கமும், அதனால் விளையும் வீதி விபத்தும், உயர் இரத்த அழுத்தமும் வரக்கூடும். அழுத்தத்தைக் குறைத்தல், முகமூடியை மாற்றுதல், காற்றுக்கு ஈரமூட்டுதல் ஆகியவற்றை வைத்தியர் ஆராய்ந்து செய்வார். வீக்கத்தை அவரிடம் காட்டுங்கள். உயிர் காக்கும் காற்றை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.