பட்டறையும் ஓவியமும்: சென்னைக் கலைப்பள்ளி முதல் சோழமண்டலம் வரை

சென்னையில் கலைப்பள்ளி 1850-இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஹண்டர் அதைத் தம் சொந்த முயற்சியில் நிறுவினார். மறு ஆண்டே அதனுடன் ஒரு தொழிற்பள்ளியும் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அரசு அதை ஏற்றுக்கொண்டது. பள்ளி பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்து நிலைபெற்றது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றியது இதற்குப் பிறகுதான். இன்று எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இயங்குவது இந்தப் பள்ளியே. கலை என்றால் என்ன, கைத்தொழில் என்றால் என்ன, இரண்டும் வேறுவேறா என்ற கேள்விக்கு இந்த ஒரே வளாகம் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் பலமுறை விடை மாற்றிச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பாடத்திட்டம் மாறியது. மாணவர் கையில் இருந்த கருவியும் மாறியது.

ஹண்டரின் நோக்கம் ஓவியர்களை உருவாக்குவதாக இருக்கவில்லை. மட்பாண்டம், ஓடு, மரக்கட்டை அச்சு, அளவு வரைபடம் போன்றவற்றைக் கற்றுத் தேர்ந்த தொழிலாளர்களை உருவாக்குவதே அவருடைய எண்ணம். புகைப்படக் கலை இந்தியாவுக்கு வந்த புதிதிலேயே இந்தப் பள்ளியில் அதற்கும் இடம் கிடைத்தது. 1856-இல் மதராஸ் புகைப்படச் சங்கம் தொடங்கியதிலும் ஹண்டருக்குப் பங்கு உண்டு. நீலகிரியின் பழங்குடிகளையும் பழஞ்சின்னங்களையும் பற்றி பிரீக்ஸ் எழுதி 1873-இல் வெளிவந்த நூலுக்குப் படங்கள் தந்ததும் இந்தப் பள்ளிதான்.

இந்தத் திட்டத்துக்குப் பின்னால் லண்டனின் கவலை ஒன்று இருந்தது. 1851-இல் அங்கே நடந்த மாபெரும் கண்காட்சியில் இந்தியத் துணிகளையும் உலோக வேலைகளையும் பார்த்த ஆங்கிலேய வடிவமைப்பாளர்கள், தங்கள் நாட்டு எந்திரப் பொருள்களின் அலங்காரம் அவற்றுக்கு முன் நிற்க முடியாததை ஒப்புக்கொண்டார்கள். இந்தியக் கைவேலையைக் காக்க வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து வலுப்பெற்றது. ஆனால் காப்பதற்கென வந்த காலனியக் கலைப்பள்ளிகள் மாணவர்முன் வைத்தவை கிரேக்கச் சிலைகளின் சுண்ணச் சாந்து வார்ப்புகளும், வடிவியல் பயிற்சித் தாள்களும். தஞ்சை மண்டலத்துக் கோயில்களில் சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகள் வழிபாட்டில் இருந்த ஒரு நாட்டில், கற்க வேண்டிய மனித உடல் ஏதென்ஸிலிருந்து வந்தது. கையின் திறமை உள்ளூருக்குரியது, கலை என்ற கருத்து மட்டும் ஐரோப்பாவுக்குரியது என்ற பிரிவினை இப்படித்தான் வகுப்பறைக்குள் நுழைந்தது.

ஹண்டருக்குப் பின் வந்தவர்களில் மூவரைச் சொன்னால் போதும். மதராஸ் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் சில ஆண்டுகள் பள்ளியின் தலைவராக இருந்தார். ஆல்பிரெட் சாட்டர்ட்டன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்வதைச் சோதித்தார். அது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறுப்பில் இருந்த ஹாடவே, தென்னிந்தியப் பித்தளை, செம்பு வேலைகளைப் பற்றி 1913-இல் ஒரு படத்தொகுப்பு நூலை வெளியிட்டார். துணியில் எழுதும் வண்ண வேலைகளைப் பற்றியும் எழுதினார். இவர்கள் அனைவருக்கும் பள்ளி ஒரு பட்டறையாகவே இருந்தது.

இவர்களுக்கு இடையில் வந்த ஹேவல்தான் கேள்வியைத் திருப்பிப்போட்டவர். 1884-இல் சென்னைக்கு வந்த எர்னஸ்ட் பின்பீல்டு ஹேவல், பள்ளியை நடத்திக்கொண்டே மாகாணம் முழுதும் சுற்றி நெசவையும் உலோக வேலையையும் மரச் செதுக்கலையும் நேரில் பார்த்தார். அந்தப் பட்டறைகளில் அவர் கண்டது பழக்கத்தால் ஓடும் கைகளை மட்டுமல்ல, வடிவத்தைப் பற்றிய தெளிவான சிந்தனையையும்தான். பின்னர் கல்கத்தாவுக்குப் போய் ஓவியர் அவனீந்திரநாத் தாகூருடன் சேர்ந்து இந்திய மரபை ஓவியக் கல்விக்குள் கொண்டுவர அவர் செய்த வேலைக்கு விதை சென்னையில் விழுந்தது என்று சொல்வது மிகையாகாது.

1910 ஜனவரியில் லண்டன் ராயல் கலைச் சங்கத்தில் ஹேவல் பேசினார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் பேர்ட்வுட். இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று கிடையாது என்றார் அவர். ஜாவாவைச் சேர்ந்த புத்தர் உருவம் ஒன்றைக் காட்டி, அதைக் கொழுப்புச் சேர்த்து வேகவைத்த மாவுப் பண்டத்துக்கு ஒப்பிட்டார். பதின்மூன்று பேர் கையெழுத்திட்ட மறுப்புக் கடிதம் 'டைம்ஸ்' நாளிதழில் வந்தது. லண்டனில் 'இந்தியா சொசைட்டி' என்ற அமைப்பும் உருவானது. இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது பேர்ட்வுட்டின் வசைமொழி அல்ல, அவர் யார் என்பது. இந்தியக் கைத்தொழில்களைப் போற்றி 1880-இல் விரிவான நூல் எழுதியவர் அவர். நெசவாளியையும் கன்னானையும் மனமாரப் புகழ்ந்தவரே, அவர்களிடமிருந்து கலை பிறக்கும் என்பதை மறுத்தார். கைத்தொழிலைப் பாராட்டுவதே அதைத் தாழ்வான படியில் நிறுத்தி வைக்கும் வழியாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் தலைமைக்கு வந்தார். அந்தப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவர். அவனீந்திரநாத்தின் மாணவர், ஆனால் சிற்பத்தில் ஐரோப்பிய இயல்புநெறியைப் பின்பற்றியவர். இவர் காலத்தில் பள்ளியின் எடை கைத்தொழிலிலிருந்து ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் சாய்ந்தது. சுண்ணச் சாந்து வார்ப்புகளைப் பார்த்து வரைந்தவர்கள் உயிருள்ள மனிதரைப் பார்த்து வரையத் தொடங்கினார்கள். மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை ராய் சௌத்ரியின் கைவண்ணம். பாறையை நெம்பும் நான்கு ஆண்களின் முதுகிலும் தொடையிலும் புடைத்து நிற்கும் தசைகளைப் பார்த்தாலே அவர் மாணவர்களுக்கு எதைக் கற்பித்தார் என்பது புரிந்துவிடும். கலைஞன் என்பவன் தொழிலாளியிலிருந்து வேறுபட்டவன், தனக்கென ஒரு பார்வை உடையவன் என்ற எண்ணம் சென்னையில் வேரூன்றியது அவர் காலத்தில்தான். அதனுடன் ஒரு சிக்கலும் வந்தது. பட்டறையில் பயின்றவருக்கு வேலை இருந்தது. ஓவியராகப் பயின்றவருக்கு வாங்குவார் இல்லை.

அந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர் ராய் சௌத்ரியின் மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1940களின் தொடக்கத்திலேயே பள்ளியில் ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கி, 1957 முதல் பத்தாண்டுகள் பள்ளியின் முதல்வராக இருந்தார். அவருடைய தொடக்க கால ஓவியங்கள் நீர்வண்ணத்தில் தீட்டிய மலையாள நாட்டு நிலக்காட்சிகள். 1954-இல் ஐரோப்பாவுக்குப் போய்வந்தபின், நவீனமாகவும் இந்தியத் தன்மையோடும் ஓர் ஓவியம் இருக்க முடியுமா என்ற கேள்வி அவரை விடாமல் தொடர்ந்தது. விடைக்காக அவர் அஜந்தாவை நாடினார். நாட்டார் வடிவங்களையும் நாடினார். பல ஆண்டுகள் கைகூடவில்லை.

விடை 1963-இல், எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கணக்குப் படிக்கும் மாணவர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்துப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், எழுத்துக்கள், கோடுகள், வடிவியல் படங்கள் எல்லாம் நெருக்கமாக நிரம்பிய பக்கம். அதில் எழுதியிருந்ததன் பொருள் அவருக்குத் தேவைப்படவில்லை; அது தாளில் அமர்ந்திருந்த விதம் தேவைப்பட்டது. 'சொற்களும் குறியீடுகளும்' என்று அறியப்படும் வரிசை அதிலிருந்து பிறந்தது. மலையாள எழுத்தைப் போன்ற, ஆனால் படித்தால் பொருள் தராத வரிகள். ஜாதகக் கட்டங்களை நினைவூட்டும் சதுரங்கள். அவற்றினிடையே சிறு பறவையும் மீனும் பாம்பும். படைப்பு எப்படி நிகழ்கிறது என்று ஆராய்பவர் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த நோட்டுப் புத்தகத்தை வேறு யாரும் பார்த்திருக்கலாம். முப்பது ஆண்டுகள் கோட்டோடும் எழுத்தோடும் பழகிய கண்ணுக்குத்தான் அதில் ஓவியம் தெரிந்தது. தேடல் ஒரு பக்கம் முட்டி நின்றிருந்ததால்தான் தற்செயல் அங்கே பயன்பட்டது.

அதே ஆண்டுகளில் பணிக்கர் பிழைப்புக்கும் வழி தேடினார். பள்ளியை விட்டு வெளியேறும் இளைஞர்களுக்குச் சென்னையில் இருந்த வாய்ப்புகள் குறைவு: பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் வேலை, விளம்பர நிறுவனம், பத்திரிகைப் படம், சினிமா. ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் போன்றோர் நெசவாளர் சேவை மையத்தில் சேர்ந்து துணி வடிவமைப்பில் ஈடுபட்டார்கள். மற்றவர்களைச் சேர்த்து ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்று உருவானது. ஓவியர்களே கைவேலைப் பொருள் செய்து விற்பார்கள்; அந்த வருவாய் ஓவியத்தைக் காப்பாற்றும்; அதனால் வாங்குவோர் விருப்பத்துக்கேற்ப ஓவியம் தீட்ட வேண்டிய கட்டாயம் இராது.

அவர்களுக்கு அதிகம் கைகொடுத்தது பாட்டிக். உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியில் எழுதுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சூடான சாயம் மெழுகை உருக்கிவிடும் என்பதால் குளிர்ந்த சாயத்தில்தான் முக்க வேண்டும். வெளிர் நிறம் முதலில், பிறகு அதன்மேல் மீண்டும் மெழுகு, பிறகு அடுத்த கருமை. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை நீக்குவார்கள். துணியைக் கசக்கும்போது மெழுகில் விழும் விரிசல்களுக்குள் சாயம் ஊர்ந்து, மெல்லிய நரம்புகளாகப் பரவும். அந்த நரம்பு எங்கே ஓடும் என்பதை யாராலும் முழுமையாகக் கட்டுப்படுத்த முடியாது. பிழையை அழித்துத் திருத்தவும் வழியில்லை. மெழுகு சொட்டிய இடத்தையும் வடிவத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த இந்த வேலை, திட்டமிடவும் திட்டம் குலையும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் ஒருசேரக் கற்றுக்கொடுத்தது.

விற்ற பணத்தில் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அரசும் புரவலரும் கட்டித் தராத, ஓவியர்கள் தங்கள் கைவேலையால் தாங்களே எழுப்பிய குடியிருப்பு இது. முதலில் கொட்டகைகள், பிறகு வீடுகள், பட்டறைகள், திறந்தவெளி அரங்கு என்று அது மெல்ல வளர்ந்தது. முற்போக்கு ஓவியர் சங்கத்தின் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' இதழ் கலையைப் பற்றிய விவாதங்களைத் தாங்கி வந்தது. ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், அனிலா ஜேக்கப், கே.வி. ஹரிதாசன், எம். சேனாதிபதி எனப் பல மொழிக்காரர்களும் பல பாணிக்காரர்களும் அங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

கைவேலை ஓவியத்துக்குச் சோறு போட்டதோடு நின்றுவிடவில்லை. சிற்பத்தின் வடிவத்தையே மாற்றியது. பி.வி. ஜானகிராமின் வேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் கவசம் தகட்டு வேலை: உட்புறமிருந்து தட்டிப் புடைப்பை எழுப்பி, வெளிப்புறத்தில் நுணுக்கத்தைச் செதுக்குவார்கள். அது முன்னிருந்து பார்ப்பதற்கென்றே ஆனது. சுற்றிவந்து பார்க்கத் தேவையில்லை. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, வளைத்து, அதன்மேல் கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்து, முகப்பு மட்டுமே கொண்ட சிற்பங்களைச் செய்தார். அவற்றில் கிறிஸ்துவும் உண்டு, விநாயகரும் உண்டு. கனத்தையும் தசையையும் சிற்பத்தின் உயிர் என்று கற்பித்த பள்ளியிலிருந்தே, கனமே இல்லாத, கோட்டால் ஆன சிற்பம் வந்தது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, வண்ணப் பூச்சும் சேர்த்து, இந்த வழியை மேலும் விரித்தார். கோடு, முகப்பு, தகடு ஆகிய மூன்றும் சென்னைச் சிற்பத்தின் அடையாளங்களானது உள்ளூர்ப் பட்டறையின் கொடை.

எல்லாருக்கும் கிராமம் ஒரே மாதிரி உதவியது என்று சொல்ல முடியாது. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றோர் பாரிஸுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். கே. ராமானுஜத்தின் கதை நெஞ்சை அழுத்துவது. பேனாவும் மையும் கொண்டு மாளிகைகள், நாகங்கள், பறக்கும் உருவங்கள் என நுண்ணிய கோடுகளால் தாள் முழுதையும் நிரப்பியவர். தொப்பி அணிந்த தம் உருவத்தையும் அந்தக் கனவுலகில் வரைந்து வைத்தவர். எந்தப் பாணிக்குள்ளும் அடங்காத அந்தத் திறமையைப் பணிக்கர் கண்டுகொண்டு, அதன் போக்கிலேயே விட்டார். ஆனால் ராமானுஜம் முப்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, 1973-இல் மறைந்தார். நல்ல ஏற்பாடு ஒன்று கலைஞனுக்கு நேரத்தைத் தரும். நிம்மதியையும் சேர்த்துத் தரும் என்பதற்கு உறுதியில்லை.

பணிக்கர் 1977-இல் காலமானார். கிராமம் அவரோடு முடிந்துவிடவில்லை. ஓவியங்களும் சிற்பங்களும் விலைபோகத் தொடங்கியபின் பாட்டிக் வேலையின் தேவை படிப்படியாகக் குறைந்தது. 2009-இல் அங்கே தற்காலக் கலைக்கான மையம் திறக்கப்பட்டது. மதராஸ் இயக்கம் என்று இன்று வழங்கும் அந்தத் தலைமுறையின் படைப்புகள் அதன் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. எழும்பூர்க் கல்லூரியில் ஓவியமும் சிற்பமும் சுடுமண் வேலையும் துணி வடிவமைப்பும் இப்போதும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன.