காவிரியில் பரிசல் மீன்பிடிப்பு

காவிரியில் பரிசல் மீன்பிடிப்பு என்பது காவிரி ஆற்றிலும், அதன் கிளையான கொள்ளிடத்திலும், இவற்றின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கங்களிலும் பரிசல் எனப்படும் வட்ட வடிவச் சிறு படகைக் கொண்டு மீன் பிடிக்கும் தொழிலாகும். தமிழ்நாட்டில் ஒகேனக்கல், மேட்டூர், பவானி, மாயனூர், முக்கொம்பு முதலிய இடங்களில் இம்முறை காணப்படுகின்றது. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் இத்தொழில் ஆற்றில் நீர் வரும் காலத்தைப் பொறுத்தே நடைபெறுகிறது. அந்நீர்வரவை மழை மட்டுமன்றி மேட்டூர் அணையின் மதகுகளும் தீர்மானிக்கின்றன.

பரிசலின் அமைப்பு

பரிசல் பெரிய கூடையை ஒத்தது. பிளந்த மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடிப்பகுதி அமைக்கப்படுகிறது. சிம்புகளின் முனைகளை மேல்நோக்கி வளைத்து, விளிம்பில் வளையமாகக் கட்டுவர். முற்காலத்தில் இதன் வெளிப்புறம் மாட்டுத்தோலால் போர்த்தப்பட்டது. பின்னர் பிளாஸ்டிக் தாள், சாக்கு ஆகியவற்றைப் போர்த்தித் தார் பூசும் வழக்கம் வந்தது. இன்று கண்ணாடி இழையால் வார்க்கப்பட்ட பரிசல்களும் பயன்பாட்டில் உள்ளன. மீன்பிடிப் பரிசல் பொதுவாக 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம் உடையது.

பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடோ அடிக்கட்டையோ இல்லை. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் அது நீரில் மிகக் குறைவாகவே அமிழும். இதனால் பாறைகளும் மணல் திட்டுகளும் நிறைந்த, முழங்கால் அளவே ஆழமுள்ள இடங்களிலும் அதைச் செலுத்த இயலும். அதே காரணத்தால், துடுப்பை ஒரு பக்கம் மட்டும் வலித்தால் பரிசல் முன்னே செல்லாமல் தன்னைத்தானே சுற்றும். எனவே பரிசல்காரர் செல்லும் திசையை நோக்கி அமர்ந்து, துடுப்பை முன்னே இட்டு இடமும் வலமும் மாற்றி நீரைத் தம்மை நோக்கி இழுக்கிறார். வேலை முடிந்ததும் பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம்.

தென்னிந்தியாவில் பரிசல் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. 1520 ஆம் ஆண்டளவில் விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியப் பயணி தோமிங்கோ பாயசு, துங்கபத்திரை ஆற்றைக் கடக்க மக்கள் பயன்படுத்திய, தோல் போர்த்த கூடைப் படகுகளைப் பற்றி எழுதியுள்ளார்.

ஆற்றின் பருவங்கள்

மேட்டூர் அணை 1934 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். காவிரிப் படுகைப் பாசனத்துக்காக அணை ஆண்டுதோறும் ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, சனவரி 28 அன்று மூடப்படுவது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து இந்நாள் மாறுவதுண்டு. 2022 இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. 2024 இல் ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது.

இதனால் திருச்சிராப்பள்ளிப் பகுதி மீன்பிடிப்பை மூன்று பருவங்களாகப் பிரிக்கலாம்.

புதுவெள்ளப் பருவம்: அணை திறந்து, ஆடி மாதத்தை ஒட்டி ஆற்றில் புதுநீர் வரும் காலம். தென்மேற்குப் பருவமழை வெள்ளத்தில்தான் கெண்டை இனங்களும் வாளையும் பெருமளவு முட்டையிடுகின்றன. சினை கொண்ட மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுகின்றன. கதவணைகளையும் அணைக்கட்டுகளையும் கடக்க இயலாமல் அவற்றின் கீழ்ப்பகுதியில் கூட்டமாகத் தேங்குகின்றன. இக்காலத்தில் மீன் எளிதில் அகப்படும். எனினும் அவ்வாறு அகப்படுவது அடுத்த ஆண்டுக்கான மீன்வளமே ஆகும்.

நடுப்பருவம்: புரட்டாசி முதல் தை வரை. வடகிழக்குப் பருவமழையின் வெள்ள நாட்கள் தவிர, நீரோட்டம் பெரும்பாலும் சீராக இருக்கும். வலை கட்டுவதற்கு ஏற்ற காலம் இதுவே.

கோடைப் பருவம்: அணை மூடிய பின் ஆறு மணற்பரப்பாகவும் சிறு ஓடைகளாகவும் மாறுகிறது. மீன்கள் மடுக்களில் ஒதுங்குகின்றன. கதவணைகளின் மேற்புறம் தேங்கிய நீரில் மட்டும் பரிசல் ஓடும். மடுவில் ஒதுங்கிய மீன்கள் முழுவதும் பிடிக்கப்பட்டுவிட்டால், ஜூன் மாதத்தில் நீர் வந்தாலும் அவ்விடத்திலிருந்து மேலேறி முட்டையிட மீன் இராது.

வலையும் தூண்டிலும்

பரிசலில் பெரும்பாலும் இருவர் செல்வர். ஒருவர் துடுப்பு வலிக்க, மற்றவர் வலையை விடுவார். கணவனும் மனைவியும் சேர்ந்து செல்வதும் உண்டு.

செவுள் வலை: மெல்லிய நைலான் இழையால் ஆனது. மேற்கயிற்றில் மிதவைகளும் கீழ்க்கயிற்றில் எடைக் குண்டுகளும் கட்டப்பட்டிருப்பதால் வலை நீரில் சுவர் போல நிற்கும். கண்ணியில் தலையை நுழைத்த மீன், பின்வாங்கும்போது செவுளில் இழை சிக்கி மாட்டிக்கொள்கிறது. மாலையில் கட்டிய வலையை விடியற்காலையில் எடுப்பர். கண்ணியின் அளவே பிடிபடும் மீனின் அளவைத் தீர்மானிக்கிறது. பெரிய கண்ணியில் குஞ்சுகள் புகுந்து வெளியேறிவிடும். சிறு கண்ணியில் அவையும் அகப்படும்.

வீச்சு வலை: விளிம்பில் ஈயக் குண்டுகள் கோத்த வட்ட வலை. கரையிலிருந்தோ ஆழமற்ற நீரில் நின்றோ வீசப்படுகிறது. பரிசலில் நின்று வீசுவதற்கு நல்ல பயிற்சி வேண்டும்.

தூண்டில்: நீண்ட கயிற்றில் பல தூண்டில்களைக் கட்டி, மண்புழு, சிறு மீன் போன்றவற்றை இரையாகக் கோத்து இரவில் விடுவர். வாளை, விரால், கெளுத்தி, விலாங்கு போன்ற ஊனுண்ணி மீன்கள் இதில் அகப்படுகின்றன.

பிடிபட்ட மீன்களில் ஒரு பகுதி கரையிலேயே விற்கப்படுகிறது. கரூர் மாவட்டத்தில் உள்ள மாயனூர் கதவணை, ஆற்று மீன் விற்பனைக்குப் பெயர் பெற்றது.

மீன் வகைகள்

கெண்டை, கெளுத்தி, வாளை, விரால், குறவை, ஆரல், அயிரை, விலாங்கு, உளுவை ஆகியன இப்பகுதியில் அறியப்பட்ட நாட்டு மீன்களாகும். இவற்றுள் வாளை பெரிய வாயும் கூரிய பற்களும் கொண்ட கொன்றுண்ணி; இரவில் இரை தேடுவது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்பு உள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் மீன், 2018 இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. இது மேல் காவிரிப் படுகையில் மட்டும் எஞ்சியுள்ளது.

கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய பெருங்கெண்டைகள் வெளியிலிருந்து கொண்டுவந்து நீர்த்தேக்கங்களில் இருப்புச் செய்யப்பட்டவை. இன்று பரிசல்காரரின் வருவாயில் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு. ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலாப்பியா 1952 இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண்டில் பலமுறை இனப்பெருக்கம் செய்வதால் அது விரைவில் பரவியது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு இந்திய அரசு 2000 ஆம் ஆண்டில் தடை விதித்தது. எனினும் அது பல நீர்நிலைகளில் பரவிவிட்டது. தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் தென்னமெரிக்கக் கவச மீனும் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் காணப்படுகிறது. அதன் முட்கள் வலையைக் கிழிப்பதோடு, அதற்குச் சந்தை மதிப்பும் இல்லை.

அணைகளும் உல்லம் மீனும்

உல்லம் என்பது கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் மேலேறும் மீனாகும். வங்காளத்தில் இது இலிசு எனப் பெயர் பெற்றது. வங்காள விரிகுடாவிலிருந்து கொள்ளிடம், காவிரி ஆகியவற்றின் வழியே இது வெள்ளக் காலத்தில் உள்நாடு வரை வந்தது.

1836 ஆம் ஆண்டையொட்டி ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையையும் அமைத்தார். இவை பாசனத்துக்குப் பெரும் பயன் அளித்தன. ஆனால் மீனின் வழியை மறித்தன. 1907 இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு தொடங்கப்பட்டது. 1909 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கீழணைப் பகுதியில் உல்லம் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்யும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. மேட்டூர் அணை வந்த பின் வெள்ளத்தின் காலமும் அளவும் மாறின. காவிரியின் உல்லம் மீன்பிடிப்பு நலிந்தது.

கங்கையிலும் இதே நிகழ்வு காணப்பட்டது. 1975 இல் பரக்கா தடுப்பணை செயல்படத் தொடங்கிய பின், முன்பு அலகாபாத் வரை சென்ற இலிசு மீன் அப்பகுதியில் அரிதாகிவிட்டது.

குளத்து மீன்பிடிப்புடன் ஒப்பீடு

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்மேற்கில் உள்ள மணப்பாறை, வையம்பட்டி வட்டாரம் காவிரிப் பாசனம் பெறாத வறண்ட நிலப்பகுதியாகும். இங்கு மீன்பிடிப்பு மழைநீர் தேங்கும் குளங்களையும் ஏரிகளையும், வையம்பட்டிக்கு அருகே உள்ள பொன்னணியாறு அணையையும் சார்ந்தது. இது போன்ற வறண்ட வட்டாரங்களில், பாசனம் முடிந்து கோடையில் குளத்து நீர் வற்றும்போது ஊர்கூடி மீன்பிடித் திருவிழா நடத்தும் வழக்கம் உண்டு. ஊர்ப் பெரியவர் துண்டையோ கொடியையோ அசைத்ததும் மக்கள் ஊத்தா, கச்சா, வலை முதலியவற்றுடன் குளத்தில் இறங்குவர். இவ்வாறு பிடித்தால் நல்ல மழை பெய்யும் என்பது நம்பிக்கை.

இரண்டுக்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. வற்றும் குளத்தில் பிடிக்காமல் விட்ட மீன் எவ்வாறாயினும் மடியும். ஆற்று மடுவில் விட்ட மீன் அடுத்த வெள்ளத்தில் பெருகும்.

இடர்கள்

வெள்ளக் காலத்தில் பரிசல் எளிதில் நிலைகுலையும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரிக்கும்போது பரிசல் இயக்கத் தடை விதிக்கப்படுகிறது. மதகுகளின் அருகே மீன் மிகுதியாக இருப்பினும், அங்கே நீர்ச்சுழல் வலிமையானது. 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன.

சட்டமும் பாதுகாப்பும்

1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. மூலச் சட்டத்தில் இதற்கு 2 மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்யப்பட்டது. வெடியும் நஞ்சும் கோடை மடுக்களிலேயே பெருங்கேட்டை விளைவிக்கின்றன. அவை விற்கத்தக்க மீனுடன் குஞ்சுகளையும், மீனுக்கு உணவாகும் சிற்றுயிர்களையும் சேர்த்து அழிக்கின்றன.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. இத்தடை கடலுக்கே உரியது, ஆற்றுக்குப் பொருந்தாது. ஆற்று மீன்களின் முட்டையிடும் காலமோ அத்தடை முடிந்த பின்னரே, புதுவெள்ளத்துடன் தொடங்குகிறது.

வட அமெரிக்காவில் வாலாய் என்னும் நன்னீர் மீன், பனி உருகும் இளவேனிலில் ஆறுகளில் மேலேறி முட்டையிடுகிறது. சிறு படகுகளில் சென்று அதனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது அங்கு பரவலான பொழுதுபோக்காகும். மினசோட்டா மாநிலத்தின் உள்நாட்டு நீர்நிலைகளில் இம்மீனுக்கான பருவம் முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்த பின், மே மாத நடுவில் திறக்கப்படுகிறது. காவிரியில் இதற்கு ஒப்பான காலம் ஆனி, ஆடி மாதங்களாகும். இம்மாதங்களில் கதவணைகளின் கீழ்ப்பகுதியில் சினை மீன்களை விட்டுவைப்பதும், கோடையில் ஆழமான மடுக்களைக் காப்பதும், கண்ணி பெரிதான வலைகளைப் பயன்படுத்துவதும் ஆற்று மீன்வளம் நிலைக்க உதவும் வழிகளாகும்.