திண்டும் குண்டூசியும் தந்த கூலி

1819இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மனைவி மார்த்தாவுடன் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். திருவிதாங்கூர் அரசின் தென்கோடி அது. வயல்களில் உழைத்த புலையர், பறையர் குடும்பங்களை ஆடுமாடு போல விலைபேசிய காலம். நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று மேல்சாதியார் தடுத்து நின்ற காலமும் அதுதான். அந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை மார்த்தா நடத்தலானார். இன்றைய டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளி அதன் தொடர்ச்சி. எழுத்தோடும் வேதபாடத்தோடும் பிள்ளைகள் அங்கே இன்னொன்றையும் கற்றார்கள்: லேஸ் பின்னுவது.

அதற்கு மேசையும் வேண்டாம், தறியும் வேண்டாம். இறுகத் திணித்த ஒரு திண்டு போதும். அதன்மேல் கோலப்புள்ளி போலத் துளையிட்ட கெட்டித்தாளை விரித்து, துளைகளில் குண்டூசி குத்துவார்கள். ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு சிறு கட்டை தொங்கும். நூல் சுற்றியிருப்பது அதில்தான். நூலைத் தளராமல் இழுத்துப் பிடிப்பதும் அதன் எடைதான். கட்டைகளைச் சோடி சோடியாகவே கையாள வேண்டும். இரண்டு சோடியை எடுத்து, நடுவிலுள்ள இரு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போடுவது ஓர் அசைவு. ஒவ்வொரு சோடியையும் தனித்தனியே முறுக்குவது மற்றோர் அசைவு. பூவோ இலையோ வலையோ, எல்லாமே இந்த இரண்டுக்குள் அடக்கம். முடிச்சு கிடையாது, பின்னல் தானாக நிற்கும்வரை குண்டூசிதான் அதைத் தாங்கும். அகலம் கூடினால் கட்டைகளும் கூடும். எந்தக் கட்டை எங்கே கிடக்கிறது என்பது விரலுக்கே தெரிந்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் இதே கைவேலை அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. 1809இல் ஜான் ஹீத்கோட் லேஸ் வலை நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நலிந்துவந்த தொழிலுக்குக் கைகொடுக்க, 1840இல் தன் திருமண உடைக்கான லேஸை விக்டோரியா அரசி டெவன் பகுதிப் பெண்களின் கையால் பின்னச் செய்தார். இயந்திரம் பெருகப் பெருகக் கைப்பின்னலுக்கு மதிப்பு ஏறியது; ஆனால் அதை மலிவான கூலிக்குப் பின்னும் கைகள் அங்கே குறைந்துகொண்டே போயின. நாகர்கோவில் லேஸ் விலைபோனதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்களும், கடல்கடந்த மிஷன் ஆதரவாளர்களும் அதை வாங்கினார்கள்.

விற்ற பணத்தில் ஒரு பங்கு பள்ளிக்குப் போனது. பின்னிய பெண்ணுக்குக் கூலியும் கிடைத்தது. அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1855இல்தான். அரசு கைகொடுக்கும் முன்பே, நூல்வேலை அந்தச் சிலருக்குக் கைகொடுத்துவிட்டது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1822இல் பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவர். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊரான இடையன்குடிக்குப் போனார். கணவர் ஒப்பிலக்கணத்துக்காக இன்றும் பேசப்படுகிறார். எலைசா அந்த ஊரில் பெண்கள் பள்ளி தொடங்கி, தாயின் லேஸ் வேலையையும் அங்கே வேரூன்றச் செய்தார். பனையை நம்பிய ஊரில், பனை ஓய்ந்த மாதங்களிலும் கைக்கு வேலை இருந்தது.

1897இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகர மடத்திலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர் திருவிதாங்கூரின் முளகுமூட்டுக்கு வந்தார். லேஸுக்குப் பேர்போன பகுதி ஈப்ர். ஆதரவற்ற பிள்ளைகளையும் ஏழைப் பெண்களையும் அரவணைத்த கன்னியர் மடத்தில் லேஸும் எம்பிராய்டரியும் பிழைப்புக்கு வழியாயின.

இந்த வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. நூல், மாதிரித்தாள், ஆர்டர், வாங்குபவரின் முகவரி ஆகியவை பின்னியவர் கையில் இருக்கவில்லை. ஆந்திரத்தின் நர்சாபூரில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூல் காட்டியது. அங்கேயும் மிஷனரிகள் விதைத்த குரோஷே லேஸ் வேலைதான். நாளெல்லாம் பின்னிய பெண்களுக்கு ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’ என்ற பெயர், கூலி சொற்பம். முகவர்களாகவும் ஏற்றுமதியாளர்களாகவும் லாபம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

ஊசிவேலையில் ஆசையுள்ள ஒரு பெண் இன்று அதைத் தொழிலாக்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது நூலும் ஆர்டரும் விற்பனையும் யார் கையில் என்பதைத்தான். 1989இல் தர்மபுரியில் தொடங்கித் தமிழகம் முழுக்கப் பரவிய சுயஉதவிக் குழுக்கள் ஒரு வழியைத் திறந்தன: கூட்டாகச் சேமிப்பது, வங்கிக் கடன் வாங்குவது, நூலைச் சொந்தக் காசில் எடுப்பது, மாவட்டத்துப் பூமாலை வணிக வளாகத்திலோ கண்காட்சியிலோ நேரடியாக விற்பது. நூலின் விலையோடு பின்னிய மணிநேரத்துக்கும் கூலி போட்டு விலை சொல்ல, விற்பவளாகவும் அவளே இருக்க வேண்டியிருக்கிறது.