நம்ம பசங்களுக்கு இடமில்லாத முகாம்

ஸ்கூல்ல கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கயிற்றில் முடிச்சுப் போடப் பழகிய சாரணர் பசங்க ஞாபகம் இருக்கா? உங்களில் சிலரே அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பீங்க. ஆனா ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்துக்குள் இந்தியப் பசங்களுக்கு இடமே கிடையாது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். 1907 ஆகஸ்ட். தெற்குக் கடற்கரையில், பூல் துறைமுகத்துக்குள் பிரவுன்சீ என்று ஒரு சின்னத் தீவு. பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி சுமார் 20 பையன்களோடு அங்கே கூடாரம் போடுகிறார். சிலர் ஈட்டன், ஹாரோ மாதிரி பெரிய இடத்துப் பள்ளிகளில் படிப்பவர்கள். மற்றவர்கள் பக்கத்து ஊர்களின் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். அன்றைய இங்கிலாந்தில் இந்த இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே அபூர்வம்.

இவர்களைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, அண்டங்காக்கை என்று அணிகளுக்கு விலங்கு, பறவைப் பெயர்கள். ஒவ்வொரு அணிக்கும் மூத்த பையன் ஒருவன் தலைவன். இரவில் முறை வைத்து ஒரு அணி முகாமை விட்டுத் தள்ளிப் போய்த் தங்க வேண்டும். மாவு, இறைச்சி, காய்கறி மட்டும் கையில். நெருப்பு மூட்டுவது, சமைப்பது, காவல் நிற்பது எல்லாம் அவங்க பாடு. போதாக்குறைக்கு, பேடன் பவலே இருட்டில் பதுங்கி வந்து காவலைத் தாண்டப் பார்ப்பார்!

1908-ல் இதையெல்லாம் எழுதி ஆறு பகுதிகளாக வெளியிட்டார். பெரியவர்கள் யாரும் சொல்லாமலேயே பையன்கள் தாங்களாக அணி சேர்ந்தார்கள். 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த கூட்டத்துக்குப் பெண் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அடுத்த வருடமே அவர்களுக்குத் தனி அமைப்பு வந்தது.

அதே 1909-ல் பெங்களூரிலும் சாரணர் குழு தொடங்கியது. ஆனால் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். ஏன்? தடம் பார்த்துப் போவது, காட்டில் தங்குவது, ஒரு தலைவனின் கீழ் சேர்ந்து இயங்குவது... இதெல்லாம் கற்ற இந்தியப் பையன் நாளைக்குப் புரட்சிக்காரன் ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஆட்சியாளர்களுக்கு.

பொறுப்பைக் கையில் கொடுத்தால் ஒரு பிள்ளை மாறிவிடுவான் என்பது இங்கே சென்னையிலும் சிலருக்குப் புரிந்திருந்தது. 1916-17 வாக்கில் அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியப் பையன்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. அலகாபாத் பக்கம் மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரூ, பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சார்பில் இன்னொன்றை நடத்தினார்கள்.

1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தார். அதுவரை மூடியிருந்த கதவு திறந்தது. பெசன்ட்டின் சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. பிரிந்திருந்த பாதைகள் ஒன்றாகி 'பாரத் சாரணர்' உருவாக, சுதந்திரத்துக்குப் பிறகு 1950 நவம்பர் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெறும் முடிச்சு, வெறும் கேம்ப் என்றுதான் நாம நினைக்கிறோம். ஒரு அரசாங்கமே அதைப் பார்த்து யோசித்திருக்கிறது. உங்க ஸ்கூல் கேம்ப்ல முதன்முதலா உங்க பொறுப்பில் விட்ட வேலை எது? எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.